தேக்கு என்று சொன்ன அலமாரி

நவமணி வாழ்க்கையில் பெருமை பேசியது ஒன்றைப் பற்றித்தான். அவளுடைய தேக்கு அலமாரி. வேலை பார்த்தது ரப்பர் தோட்டத்தில், வெட்டியது பால் மரம், குடியிருந்தது லயத்து வரிசை வீட்டில். இப்போது பீடோங் டவுனில் ஒரு தாமான் குடியிருப்பு வீடு. எங்கே போனாலும் அலமாரி கூடவே போனது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகிறார், பங்களாச் சாமான்களை விற்கிறார் என்று புருஷன் காளிதாசன் ஒரு நாள் சொன்னான். நவமணி தன் அம்மா போட்ட தங்கக் காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அலமாரி வந்தது. அவன் செத்த பிறகும் அதையும் அவன் படத்தையும் துடைக்காமல் அவள் காலையில் வாயில் காப்பி வைத்ததில்லை.

மகள் உமாராணி புது வீட்டுக்குப் போகிறாள். "ஒன் பாட்டி காப்புடி இது" என்று சொல்லி அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் வார்னிஷ் தோல் தோலாக உரிந்திருந்தது. கொழுந்தன் சின்னையாவைக் கூப்பிட்டு வாசலுக்குத் தூக்கிவரச் சொன்னாள். அவள் உப்புத்தாளை எடுத்ததும் அவன் முகம் மாறியது.

"எதுக்கண்ணி தேய்க்கிறீங்க? மேலாப்புல வார்னிஷ் அடிச்சா போதும் லா."

"அழுக்கு மேல பவுடர் போடச் சொல்றியா? நகரு."

தேய்த்தாள். கறுப்புத் தூள் கொட்டியது. பிறகு பழுப்பு. அதற்கும் கீழே மஞ்சள் பாய்ந்த வெள்ளை மரம். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளைதான். இந்த மரம் அவளுக்குத் தெரியாதா? லயத்தில் இதைத்தானே பிளந்து பிளந்து அடுப்பில் வைத்தாள்.

"சின்னையா, இது பால் மரம்."

அவன் அவள் கொடுத்திருந்த காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான்.

"சாயம் யாருடா அடிச்சது?"

"அண்ணன்தான். நானும் கூட இருந்தேன். தொரை பங்களாவுது இல்ல, கடைச் சாமான்தான் அண்ணி."

"அப்ப எங் காப்பு?"

"வித்து லாட்டரி நம்பர் எழுதுனாரு. விழுந்தா வேற வாங்கித் தந்துரலாம்னு..."

"விழுந்துச்சா?"

"இல்ல."

"தேக்கு தேக்குன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே! தீவாளிக்குத் தீவாளி வந்து, முறுக்கத் தின்னுக்கிட்டே ஆமா ஆமான்னு தலையாட்டுனியே!"

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி."

"செத்தவனுக்குச் சத்தியம். முறுக்கு சுட்டவளுக்கு என்னாடா?"

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வாங்கி வைத்திருந்த சாய டப்பா பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கை அடித்தால் மறுபடியும் தேக்கு. உமாராணிக்கு எதுவும் தெரியப்போவதில்லை. நவமணி டப்பாவை வெறித்துப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"அலமாரி தேக்கு இல்லடி. ரப்பர் கட்டை. ஒங்கப்பன் என்னை ஏமாத்திட்டான். வேணுமா, வேணாமா?"

"சாயம் அடிச்சிருங்கம்மா. மாமியா வீட்டுல தேக்குன்னு சொல்லிட்டேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"அப்பன் பேசுன மாதிரியே பேசுற" என்று போனை வைத்தாள்.

அலமாரி மகள் வீட்டுக்குப் போகவில்லை. சாயம் காணாமல், வெள்ளை வெளேரென்று, கூடத்தில் காளிதாசன் படத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. நவமணி அதைத் தினமும் துடைக்கிறாள். படத்தைத்தான் துடைப்பதில்லை.