மூவாயிரத்துத் தொள்ளாயிரம் தள்ளி எடுத்த சீட்டு

சொந்தமாக ஒரு தறி வாங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு திங்கட்கிழமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒன்பதாயிரம் ரூபாய் வேண்டும் என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கையில் இருந்தது இரண்டாயிரம். அந்த ஏழு நாளில் நான் நடந்ததாக நினைவில்லை, ஓடியதாகத்தான் நினைவு.

எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. நானும் தினமும் அதே டவுன் பஸ்ஸில் போய், இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு ஷெட்டில் பேண்டேஜ் துணி நெய்வேன். ஷெட் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, ஒரு மோட்டார், எதிரும் புதிருமாக இரண்டே இரண்டு விசைத்தறிகள். ஆறு வருடமாக ஒன்றை நான் ஓட்டினேன், இன்னொன்றை எதிர்த் தறிக்காரி ஓட்டினாள்.

எதிர்த் தறிக்காரிக்கும் எனக்கும் அப்போது நாலு மாதமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு தார்க்கூடை. ஊடை நூல் சுற்றிய தார்களைப் போட்டு வைக்கும் பிரம்புக் கூடை ஆளுக்கு ஒன்று உண்டு. ஒரு நாள் அதில் ஒன்று அடி பிய்ந்து கிடந்தது. பிய்ந்தது உன்னுடையது, நல்லது என்னுடையது என்று இரண்டு பேரும் சாதித்தோம். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அவளுக்கு எங்கே நிற்கும் என்று தெரியாது, ஆனால் வந்தால் போகாது. அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நூல் அடிக்கடி அறுந்து பதற்றம் வந்தால், "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணி முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போடுவாள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி.

அந்தத் திங்கட்கிழமை தறிகளின் சொந்தக்காரர் வந்து, மகன் இருக்கும் ஊருக்கே போகப் போவதாகச் சொன்னார். எதிர்த் தறியை ஒரு வியாபாரிக்கு ஏற்கெனவே விற்றுவிட்டாராம். மிச்சம் இருப்பது நான் ஓட்டும் தறி. ஞாயிறு மாலைக்குள் ஒன்பதாயிரம் கொண்டு வருகிறவருக்குத் தறி, ஷெட்டிலேயே வாடகைக்குப் போட்டுக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் அதையும் அந்த வியாபாரியே எடுத்துக்கொள்வார். இரண்டு தறியும் போனால் இரண்டு பேருக்கும் வேலை போச்சு.

எதிர்த் தறிக்காரி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாவம், அவள் கதை முடிந்தது என்று நினைத்தேன். நினைத்தபோது வருத்தப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில் சொசைட்டியில் அவர் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனையே இன்னும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கடன் கிடைக்காது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் நிற்கிற ஆளா இவள் என்று யோசித்திருப்பார். "சரி, கேட்டுப் பாரு. நகையை மட்டும் வைக்காத" என்றார். வைப்பதற்கு நகை என்று என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்டல்காரரைப் பிடித்தேன். மொபெட்டில் வந்து தினமும் கடை கடையாக வசூல் செய்கிறவர். ஆயிரத்துக்கு நூற்றைம்பதை முதலிலேயே பிடித்துக்கொண்டு எண்ணூற்றைம்பது தருவார். தினம் பத்து ரூபாய், நூறு நாள். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். தறி எனக்கு ஓடாது, அவருக்குத்தான் ஓடும். வேண்டாம் என்றதும் அவர் மொபெட்டை உதைத்துக்கொண்டே, இந்த வாரம் என்ன பொம்பளையாளுகளாக வந்து விசாரித்துவிட்டு விசாரித்துவிட்டுப் போகிறீர்கள் என்று அலுத்துக்கொண்டார். அது என் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

புதன்கிழமை ஆலங்குளம். வீட்டுக்காரரின் அத்தை ஒருவர் அங்கே சிமெண்ட் ஆலை ஆட்களுக்கு மூணு வட்டிக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், நியாயமான வட்டி. அத்தை மோர் கொடுத்தார், கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார், பணம் மட்டும் இல்லை என்றார். எல்லாம் வெளியே நிற்கிறது, ஆலையில் சம்பளம் போட்டால்தான் கைக்கு வரும். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள். திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் காய்ந்து கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது யார் அடுத்தது யார் என்று விரல் விட்டுக்கொண்டே வந்தேன். சோர்வாக இருந்திருக்க வேண்டும். இல்லை. திருவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறக்கும் நேரம் பார்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயிடம் போனேன். அவர் வட்டி வாங்க மாட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருப்பார். கைமாற்று கேட்கிறவர்களுக்கு அதிலிருந்து தருவார். ஒருவர் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு. அன்று டின்னைத் திறந்து என் பக்கம் சாய்த்துக் காட்டினார். காலி.

"ரெண்டாயிரம் இருந்துச்சும்மா. நேத்துத்தான் ஒரு பிள்ளை வந்து வாங்கிட்டுப் போச்சு. அதுவும் தறி வேலைன்னுதான் சொல்லிச்சு" என்றார்.

தறி வேலை செய்கிற பெண்கள் நம் பக்கத்தில் ஆயிரம் பேர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மிச்சம் இருந்தது சீட்டு. அதைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. ரத வீதிக்குப் பின்னால் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் ஏலச்சீட்டு நடத்தினார். என்னையும் சேர்த்து இருபது பேர், மாதம் ஐந்நூறு, மொத்தம் பத்தாயிரம். அவசரக்காரர்கள் ஏலத்தில் தள்ளிக் கேட்பார்கள். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. ஆயிரம் தள்ளி எடுத்தால் ஒன்பதாயிரம்தான் கைக்கு வரும். தள்ளிய ஆயிரத்தை இருபது பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், அந்த மாதத் தவணையில் ஆளுக்கு ஐம்பது குறையும். ஆக, ஒருவரின் அவசரம் மற்றவர்களுக்கு வருமானம். எடுத்தவர் மட்டும் மிச்ச மாதங்களுக்கும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வர வேண்டும்.

அந்த மாதம் ஒன்பதாவது ஏலம், ஞாயிறு காலை பத்து மணிக்கு. எனக்கு வேண்டியது ஏழாயிரம், அதனால் மூவாயிரம் வரை தள்ளலாம். மூவாயிரத்துக்கு மேல் ஒரு பைசா போனாலும் எழுந்து வந்துவிட வேண்டும் என்று எங்கள் வீட்டிலிருந்து சீட்டு நடக்கும் வீடு வரை சொல்லிக்கொண்டே போனேன்.

பட்டாளத்துக்காரர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லோருக்கும் நம்பர்தான். நான் ஆறாம் நம்பர். பதினாலாம் நம்பர் என்றால் மாதாமாதம் சைக்கிளில் வந்து பணம் கட்டிவிட்டு ஓடுகிற ஒரு பையன். அன்று பத்து அடித்ததும் அவர் நம்பர் கூப்பிட்டார். பதினாலு என்றதும் கதவோரத்திலிருந்து, "இருக்கேன்" என்று ஒரு பெண் குரல்.

திரும்பிப் பார்த்தேன். எதிர்த் தறிக்காரி.

தண்டல்காரர் சொன்ன பொம்பளையாள், பாயின் டின்னைக் காலி செய்த பிள்ளை, எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. எட்டு மாதமாகத் தம்பியிடம் பணம் கொடுத்து அனுப்பியவள் இன்று தானே வந்திருக்கிறாள். எதற்கு? நான் ஆறு வருடம் ஓட்டிய தறிக்கு! எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆயிரம் என்று ஒருவர் தொடங்கினார். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று நாலைந்து பேர் விளையாட்டுக்கு ஏற்றிவிட்டு, தங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பிறகு நானும் அவளும்தான். ஐம்பது ஐம்பதாக ஏறியது. நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. மூவாயிரம் என்று நான் சொன்னேன். எழுந்து வர வேண்டிய இடம் அதுதான். அவள் "மூவாயிரத்தம்பது" என்றாள். பின்னால் மெல்லிசாக, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று கேட்டது. அவளுக்குப் பதற்றம்! அவ்வளவுதான், எனக்குத் தறியும் மறந்தது, ஒன்பதாயிரமும் மறந்தது. அவளை ஜெயித்தால் போதும் என்று ஆகிவிட்டது. அவள் மூவாயிரத்து எண்ணூற்றைம்பது என்றாள். நான் தொள்ளாயிரம் என்றேன். பட்டாளத்துக்காரர் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று பலகையில் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். கை தட்டாத குறை.

அந்தச் சந்தோஷம் தவணை வசூலித்து முடிக்கும் வரைதான் இருந்தது. ஆறாயிரத்து நூறு ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்தபோதுதான் தெரிந்தது. என் இரண்டாயிரத்தையும் சேர்த்தால் எட்டாயிரத்து நூறு. தொள்ளாயிரம் குறைகிறது. அவளை ஜெயித்து, தறியைத் தோற்றிருந்தேன்.

அதோடும் முடியவில்லை. பட்டாளத்துக்காரர் பணத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜாமீன் கேட்டார். இன்னும் சீட்டு எடுக்காதவர்களில் ஒருவர் எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரரைக் கூட்டி வரட்டுமா என்றேன். ஒரே உலையில் சோறு திங்கிறவர் ஜாமீன் செல்லாது என்றார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். தெரிந்த முகங்கள் எல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன. மில்லில் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிற ஒருவரிடம் வாய்விட்டே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா நெனைக்காதம்மா. இம்புட்டுத் தள்ளி எடுக்கிற ஆளு அடுத்த மாசம் எப்படிக் கட்டுவ?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பன்னிரண்டு மணிக்குள் ஜாமீன் இல்லையென்றால் சீட்டு அடுத்துக் கேட்டவருக்கு. அதாவது பதினாலாம் நம்பருக்கு. அவள் கதவோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், சீட்டு அவள் மடியில் வந்து விழும். கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால். அவள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று மட்டும் உறுதியாக இருந்தேன்.

அவள் எழுந்து வந்தாள். என்னிடம் வரவில்லை, நேராக மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"எனக்கு விழுந்தாலும் எண்ணூத்தம்பது குறையுதுடி. பாய்கிட்ட வாங்குன ரெண்டாயிரத்தையும் சேத்துத்தான் சொல்லுதேன். நான் கையெழுத்துப் போடுதேன், அந்த ரெண்டாயிரத்தையும் போடுதேன். தறியில பாதி எனக்கு. மாசத் தவணையில பாதி நான் கட்டுதேன். சரின்னா சொல்லு, இல்லன்னா நான் போறேன்."

என் தறியில் பாதியா என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் கண் கடிகாரத்துக்குப் போனது. பிறகு அவள் கைக்குப் போனது. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது அந்தக் கை. அவளுக்கும் இதே ஏழு நாள்தானே. அவளும் இதே கதவுகளைத்தானே தட்டியிருப்பாள், எனக்கு ஒரு நாள் முந்தி.

"காலை ஷிப்ட் எனக்கு" என்றேன்.

"சரி" என்று குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் இராஜபாளையம் போனோம், வேறு வேறு சீட்டில். வழியெல்லாம் பணப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கெல்லாம் சொந்தக்காரர் எண்ணி முடித்து, சாவியை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் தறிமேல் வைத்துவிட்டுப் போனார். மிச்சம் ஆயிரத்து நூறு ரூபாய், மோட்டார் பெல்ட்டுக்கும் ஷெட் வாடகைக்கும். மோட்டாரைப் போட்டேன். தறி தடதடவென்று எழுந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆறு வருடம் கேட்ட அதே சத்தம்தான், ஆனால் அன்றைக்குத்தான் அது எங்கள் சத்தம்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த நோட்டுகளை என்னிடம் நீட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய். என்ன என்று கேட்டேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் சொன்னாள்.

"சீட்டுல இந்த மாசம் எனக்குக் கழிஞ்ச பங்கு. உன் கோவத்துல எனக்கு வந்த லாபம். நீயே வச்சுக்க."

"அதுல பாதி உன் கோவம்" என்று நானும் கத்தினேன்.

அவள் சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்பே கடைத்தெருவுக்குப் போய், அந்தப் பணத்தில் புதிதாக ஒரு தார்க்கூடை வாங்கி வந்தேன். கடைக்காரர் இரண்டாக எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார். ஒன்று போதும் என்றேன்.