அக்காவின் முகத்துக்காக ஒரு மோடம்

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றபோது நாங்கள் வவுனியா நகரத்துக்குச் சற்று வெளியே குடியிருந்தோம். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். அக்கா கனடாவில். அகதி வழக்கு முடியாததால் அவவால் வர முடியாது. கிழமைக்கு ஒருதரம் தொலைபேசி எடுப்பா. நான் ரிசீவரை அப்பாவின் காதோடு பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"மூச்சுச் சத்தம் மட்டுந்தான்ரா கேக்குது," என்றா ஒருநாள். "நான் கதைக்கிறது அவருக்கு விளங்குதோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒருக்கா முகத்தைப் பாக்கோணும்."

வீட்டில் பழைய கம்பியூட்டர் ஒன்று இருந்தது. இன்டர்நெட் இல்லை. அடுத்த நாளே பசாருக்குப் போனேன். கடைக்காரர் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் மனிதர். மூன்று மோடங்களை மேசையில் வைத்தார்.

"இது டயல் பண்ணி எடுக்கிறது. மெயில் பாக்கலாம், படம் அசையாது. இது வயர் இல்லாதது, சிக்னலில வேலை செய்யும். மற்றது உங்கட போன் லைனிலயே வாறது, விலைதான் கூட. ஆருக்குத் தம்பி?"

சொன்னேன். அவர் முதல் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"வயர் இல்லாததும் வேண்டாம். எங்கயாவது வெடிச்சா முதல்ல சிக்னலைத்தான் நிப்பாட்டுவாங்கள். லைனில வாறதை எடுங்கோ. என்ர உம்மாவும் கடைசியில கதைக்காமத்தான் கிடந்தவ."

எடுத்தேன், கம்பியூட்டரில் பூட்ட ஒரு சின்னக் கமராவும் சேர்த்து. வரும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, துளைகளுக்குள் எல்லாம் பார்த்தான். அப்பாவுக்குச் சுகமில்லை, அக்கா வெளிநாட்டில் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மோடத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, மூடியையும் தானே சரியாக மூடித் தந்தான்.

இணைப்புக் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அதற்குள் அப்பா இன்னும் மெலிந்துவிட்டார். அம்மா அவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையணைகளை அண்டக் கொடுத்து நிமிர்த்தி இருத்தினா. திரையில் அக்கா வந்தா. குளிர்ச்சட்டையோடு இருந்தா.

"அப்பா," என்றா.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தார். அக்கா மறுபடி கூப்பிட்டா. அவர் வாசலையேதான் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் இன்னும் உள்ளே வரவில்லை என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. நல்ல கையைக் கட்டிலில் ஊன்றி எழும்பப் பார்த்தார்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. "நிப்பாட்டு தம்பி. அந்த மனுசனை ஏமாத்த வேண்டாம்."

"நிப்பாட்டாதை," என்றா அக்கா அங்கிருந்து. "அவர் வாசலைத்தானே பாக்கிறார்? என்னைக் கொண்டுபோய் வாசலில வை."

நீள வயர் வாங்கி வந்து, கம்பியூட்டரை மேசையோடு தூக்கி வாசற்கதவடியில் வைத்தேன். அன்று அப்பா அக்காவைக் கண்டார். கனக்கக் கண்ணீர் விட்டார். கையைத் தூக்கி, வா என்பதுபோல இரண்டு விரல்களை அசைத்தார். அக்கா முகத்தைக் கமராவுக்குக் கிட்டக் கிட்டக் கொண்டுவந்தா. படம் மங்கிப்போனது.

அதற்குப் பிறகு மாரி முழுவதும் நாங்கள் அந்த மேசையைச் சுற்றித்தான் வெளியே போய்வந்தோம். அக்கா வேலைக்குப் போகுமுன் வந்து இருப்பா. தேத்தண்ணி குடிப்பா, சீப்பெடுத்துத் தலை இழுப்பா. அப்பா பார்த்துக்கொண்டு கிடப்பார்.

மாசியில் அப்பா போனார். செத்தவீட்டுக்கு ஆட்கள் வரவேண்டும் என்று மேசையை அகற்றப் போனபோது, அக்கா இணைப்பில்தான் இருந்தா.

"ஒரு ஓரமா வை தம்பி," என்றா. "நான் இடைஞ்சலா இருக்கமாட்டன்."