புதைத்துப் பார்த்து வாங்கிய மெசின்

பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் செய்தவன் நான். தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்றைப் பிரித்து மா அரைக்கும் மெசின் ஆக்கினேன். மொன்றியலுக்கு வந்த முதல் குளிரில், ‘போன்ஜூர்’ தவிர ஒரு சொல் தெரியாத நேரத்தில், யாரோ குப்பைக்கு வைத்த பனி தள்ளும் மெசினைத் தூக்கி வந்து உயிர் கொடுத்து, அந்தத் தெரு முழுக்கப் பனி தள்ளினேன். சென்ட் லோரன்டில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் கூரை ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பண்டசாலை அறையை எடுத்து எஞ்சின் திருத்தும் கடை ஆக்கினேன். அங்கே எஞ்சின் தூக்குகிற மேசை, ஒரு பல் வைத்தியர் கழித்துவிட்ட கதிரை. வெட்டி ஒட்டினேன். மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும், இன்றுவரை ஒரு முனகல் இல்லை. பிறகு ஒரு வீடு. மூன்று பிள்ளைகளுக்கும் அவரவர் விரும்பிய படிப்பு. நான் படித்தது ஏழாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வாத்தியாரின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் நானே சொல்வது சிலருக்குப் பிடிக்காது. மற்றவர்கள் சொல்லுகிறார்களா? சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

இத்தனை செய்தவன் ஆகப் பெருமைப்படுவது எதை நினைத்து என்று கேட்டால், நான் ஓட்டாத ஒரு வண்டியை. என் கடைசி மகளின் மலை ஸ்னோமொபிலை. சில்லுக்குப் பதில் முன்னால் இரண்டு ஸ்கீச் சறுக்குக் கட்டையும் பின்னால் சுழலும் பட்டியும் உள்ள பனி வண்டி அது.

கடைசி மகள் கணக்குப் படித்தவள். நல்ல கந்தோர் வேலை. ஒரு குளிர் விடுமுறைக்கு, ஒரு நாள் முழுக்க ஓட்டவேண்டிய தூரத்தில் இருக்கும் காஸ்பெசி மலைகளுக்குப் போனவள், திரும்பி வந்து, வேலையை விட்டுவிட்டு அங்கே வழிகாட்டியாகப் போகிறேன் என்றாள். ஆழப் பனியில், மரங்களுக்கு நடுவே, பாதை இல்லாத மலையில், ஆட்களுக்கு முன்னால் ஸ்னோமொபிலில் போய் வழி காட்டுகிற வேலை. என் மனைவி மூன்று நாள் சமைக்கவில்லை. நான் மட்டும் கேட்டேன், “என்ன மெசின் எடுக்கப் போறாய்?”

“ஒண்டுதான் எடுக்கலாம் அப்பா. அதைச் சரியா எடுக்கவேணும்.”

கேள்வி இதுதான்: இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா?

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு முறையும் வெடிக்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்று விட்டு ஒரு முறைதான். அதனால் முதலாவது சின்ன உடம்பில் நிறையப் பலம் தரும். பாகங்கள் குறைவு, பாரம் குறைவு. ஆனால் ஒயிலையும் சேர்த்து எரிக்கும், புகைக்கும், கத்தும், பிஸ்டனை முந்தி மாற்றவேண்டி வரும். இரண்டாவது கார் எஞ்சின் மாதிரி. அமைதி, சிக்கனம், நீண்ட ஆயுள். ஆனால் பாரம். அந்தப் பாரமும் முழுக்க மூக்கில் இருக்கும்.

மகள் நான்கு ஸ்ட்ரோக் என்றாள். நான் இரண்டு என்றேன். நகர ஓரத்தில், இல்-பிசாரில் வீடு வைத்திருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, கேட்காமலே வந்து மகளின் பக்கம் நின்றான். எங்கள் ஆட்களில் ஒருவர் ஒரு வண்டி வாங்கினால் அது வீட்டுக்காரரின் காரியம் மட்டும் அல்ல, சொந்தக்காரர் எல்லாருக்கும் அதில் ஒரு வாக்கு உண்டு. எல்லாரும் கேட்பதும் ஒரே கேள்விதான்.

“அத்தான், மைலேஜ் என்ன?” என்றான் மச்சான்.

“மலையிலை ஆரடா மைலேஜ் பாக்கிறது? அவள் என்ன அதிலை ரொறன்ரோவுக்கே போகப்போறாள்?”

“இல்லை அத்தான், பேந்து விக்கேக்கை கேப்பாங்கள்தானே. நாலு ஸ்ட்ரோக் எண்டா கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாங்கள். நான் வீடியோவிலை பாத்தனான், டேர்போ பூட்டினது, அந்த உயரத்திலையும் மூச்சு வாங்காமல் ஏறுது.”

அவன் பார்த்தது மேற்கு மாகாணங்களின் மலை. அங்கே உயரம் போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் இளைக்கும், அங்கே காற்றை அழுத்திக் கொடுக்கிற டேர்போ வேண்டும்தான். காஸ்பெசி அவ்வளவு உயரம் இல்லை. அங்கே ஆளை மடக்குவது உயரம் அல்ல, பனியும் மரமும். இதைச் சொன்னேன். மச்சான், “அத்தான் எப்பவும் அந்தக் காலத்து மருந்தடிக்கிற மெசினிலைதான் நிக்கிறார்” என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். அவன் அறியாமல் சரியான இடத்தில்தான் கை வைத்தான். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் நான்கு ஸ்ட்ரோக், வைத்த இடத்தில் கிடந்து வேலை செய்யும். முதுகில் கட்டி மருந்தடிக்கிற மெசின் இரண்டு ஸ்ட்ரோக். ஏன்? அதை மனிதன் சுமக்கவேண்டும். ஆளைச் சுமக்கிற மெசின் வேறு, ஆள் சுமக்கவேண்டிய மெசின் வேறு. மலைப் பனியில் ஸ்னோமொபில் எந்த வகை என்பதுதான் எனக்கும் மகளுக்கும் வழக்கு.

அவள் ஒரு நாள் கடைக்கு வந்து நேரே சொன்னாள். அந்தப் பல் வைத்தியர் கதிரையில் ஒரு கார்பரேற்றர் கிடந்தது, நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நான் ஏன் நாலு ஸ்ட்ரோக் கேக்கிறன் தெரியுமோ? இரண்டு ஸ்ட்ரோக் எடுத்தா ஒவ்வொரு வருசமும் எஞ்சினைப் பிரிக்கோணும். ஆர் பிரிக்கிறது? நீங்கள். நான் எவ்வளவு தூரத்திலை இருந்தாலும் உங்கடை கடை வாசலிலைதான் வந்து நிக்கோணும். உங்களிலை தங்கி இருக்க எனக்கு ஏலாது.”

“தங்கி இருந்தா என்ன, நான் என்ன பிறத்தியோ?”

“அதுதான் அப்பா. பிறத்தி எண்டா பரவாயில்லை.”

கார்பரேற்றரை இரண்டாம் முறை கழுவினேன். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு இலையுதிர் காலமும் அவள் மெசினோடு வருவாள், நான் பிரிப்பேன், அவள் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடிப்பாள் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன்தான். அதனால் என் வாதம் பிழையாகிவிடுமா? ஆகாது. ஆனால் அதைப் பேசி நிரூபிக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. பேச்சில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

நிரூபிக்கிற வழி இரவு கட்டிலில் கிடந்து யோசித்து வந்தது அல்ல, அடுத்த நாள் பஸ்ஸில் வரும்போது திடீரென்று பிடிபட்டது. ஊரில், வன்னியில் நான் இரண்டு சில்லு உழவு மெசின் திருத்திக்கொண்டிருந்தபோது, வாங்க வருகிறவர்கள் அதை ரோட்டில் ஓட்டிப் பார்க்கமாட்டார்கள். சேற்று வயலில் இறக்கிப் புதையவிட்டு, எத்தனை பேர் சேர்ந்தால் வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். ஓடுகிற மெசின் எல்லாம் ஓடும். நின்றுபோன மெசினோடு நீ என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. ஏறும்போது முன்னால் போனாலும், மகள் ஆட்களை அனுப்பிவிட்டுக் கடைசியில் தனியாகத்தான் மலையிலிருந்து இறங்குவாள். அவள் ஒல்லிக்குச்சி, தோள்வரை பனி, தொலைபேசி எடுக்காது. அங்கே புதைந்தால்?

மெசின் விற்கும் ஒருவருக்கு நான் வருடக்கணக்காக எஞ்சின் வேலை செய்து கொடுக்கிறேன். அவரிடம் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று, பாவித்தது, கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டேன். இரண்டையும் இழுவை வண்டியில் ஏற்றி இல்-பிசாருக்குக் கொண்டுபோனேன். மச்சான் வீட்டுப் பின்வளவில் குளிர் தொடங்கினதிலிருந்து ஒருவரும் கால் வைக்கவில்லை. வேலி மறையப் பனி.

“அத்தான், இஞ்சை ஸ்னோமொபில் ஓடினா பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார்.”

“ஓட வரேல்லையடா. புதைக்க வந்தனான்.”

கூட வந்த மனைவி மச்சான் வீட்டு யன்னலைத் திறந்து, “இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன விசரே?” என்றாள். மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், மெசின்களைப் பார்த்தாள், கையுறையை இறுக்கினாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

முதலில் அவளுடைய நான்கு ஸ்ட்ரோக். மூக்கு கீழே, பின்பக்கம் வேலி மூலையில் அடைய, நானும் மச்சானும் புதைத்தோம். ஒருவரும் கை கொடுக்கக்கூடாது என்றேன். அவள் செய்யவேண்டிய எல்லாம் செய்தாள். முன்னாலே தோண்டினாள், பனியை மிதித்து இறுக்கினாள், ஸ்கீயைப் பிடித்து இழுத்தாள், பக்கவாட்டில் சரித்து உருட்டப் பார்த்தாள். மெசின் சற்று அசையும், பிறகு மூக்கு இன்னும் கீழே போகும். குனிந்த அவள் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. மச்சான் பொறுக்காமல் ஒரு கால் எடுத்து வைத்தான்.

“மாமா, வராதைங்கோ!”

“பிள்ளை, ஒரு தள்ளு...”

“மலையிலை மாமா இருப்பியளோ?”

மச்சான் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தான். யன்னலில் நின்ற மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் கால் துடித்தது. பெற்ற பிள்ளை இடுப்பளவு பனியில் முக்கிக்கொண்டு நிற்கும்போது, சும்மா நிற்பது எந்த எஞ்சினைத் தூக்குவதையும் விடக் கடினம். நின்றேன். அதற்கும் பலம் வேண்டும்.

கடைசியில் அவள் கைவிட்டு, புதைந்த மெசினின் சீற்றில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூச்சு வந்ததும், “மற்றதைப் புதையுங்கோ. இதே ஆழம். ஏமாத்தக் கூடாது” என்றாள்.

நான் ஏமாற்றவில்லை. இன்னும் ஆழமாகப் புதைத்தேன். மச்சான் சாட்சி.

இரண்டு ஸ்ட்ரோக்கும் சும்மா வந்துவிடவில்லை. அதையும் தோண்டினாள், மிதித்தாள், வாய்க்குள் எதையோ பிரெஞ்சில் திட்டினாள். ஆனால் ஸ்கீயை இழுத்தபோது மூக்கு வந்தது. தோளைக் கொடுத்துச் சரித்தபோது சரிந்தது. அடியில் பனியை அடைத்து, எஞ்சினைத் தட்டி, பக்கத்தில் நின்றபடியே திரொட்டிலைத் தொட்டாள். நீலப் புகை ஒன்று, ஒரு கத்தல், மெசின் குழியிலிருந்து துள்ளி, குளிருக்குச் சாக்குச் சுற்றி வைத்திருந்த மச்சானின் செடிக்குள் போய் நின்றது.

“ஐயோ, என்ரை செடி!” என்றான் மச்சான்.

“இப்ப கேளடா மைலேஜ்” என்றேன் நான்.

மகள் பனியில் மல்லாக்கக் கிடந்து சிரித்தாள். பிறகு எழும்பி, என் முன்னால் வந்து, முகத்தில் பனி உருக, “சரி அப்பா. இரண்டு ஸ்ட்ரோக்” என்றாள். நான் வாய் திறக்க முதல் அடுத்ததையும் சொன்னாள். “ஆனா பிஸ்டன் மாத்திறதுக்கு அங்கை ஒரு ஆள் இருக்கு. அவர் மாத்துவார். நீங்கள் இல்லை.”

“ஓம்” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு செலவானது என்று ஒருவருக்கும் தெரியாது. மனதில் இருந்த அந்தப் படத்தை அந்தப் பின்வளவிலேயே விட்டுவிட்டு வந்தேன். மெசின் சரியாக இருந்தால் போதும்.

மெசின் வாங்கியதும் கோயிலில் பூசை போட்டோம். அதில் ஒரு கூத்து. ஸ்கீக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் அந்தக் குளிரில் கல்லாய் உறைந்துவிட்டது. மகள் மெசினை நகர்த்த, பழம் நசியாமல் வழுக்கிப் பறந்து போய் மச்சானின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. ஐயர் ஒன்றும் காணாதவர் மாதிரி மணியை அடித்தார். “நான் நாலு ஸ்ட்ரோக் எண்டு சொன்னதுக்குச் சாமி தந்த அடி” என்று மச்சான் நொண்டிக்கொண்டு திரிந்தான்.

இந்தக் குளிரில்தான் அது நடந்தது. ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டு மகள் கடைசியாக இறங்கும்போது, மரமொன்றின் அடியில், மேலே மூடி உள்ளே வெறுமையாக இருந்த பொய்ப்பனி உடைந்து மெசின் மூக்குக் குத்திப் போய்விட்டது. காற்று எழும்பியிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கூப்பிட ஆள் இல்லை. அவள் தோண்டினாள், மிதித்தாள், ஸ்கீயை இழுத்தாள், தோளைக் கொடுத்துச் சரித்தாள். இல்-பிசாரில் செய்த அதே ஒழுங்கு. வெளியே எடுத்தாள், இறங்கினாள், ஆட்களோடு உட்கார்ந்து சூப் குடித்தாள். எங்களுக்கு அது அடுத்த கிழமைதான் தெரியும், அதுவும் வானொலியில்.

அந்த ஊர் வானொலிக்காரர் அவளைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். மனைவி நெடுங்காலம் ஒரு கார்தெறியில், அதாவது பகல் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்தவள், பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர். குசினியில் நின்று தொலைபேசியில் அந்த வானொலியைப் பிடித்து, கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். “தனிய வெளியிலை எடுக்கக்கூடிய மெசினைத்தான் தெரிஞ்செடுத்தனான் எண்டு சொல்றாள். வாங்க முதல் புதைச்சுப் பாத்தனான் எண்டு சொல்றாள். அந்தாள் ஆச்சரியப்படுது, இப்பிடி ஒருத்தரும் செய்து கேள்விப்படேல்லையாம்.”

“என்னைப் பற்றி?”

மனைவி கொஞ்சம் கேட்டாள். பிறகு அடுப்பைக் குறைத்தாள். “முடிஞ்சுது. பாட்டுப் போடுறாங்கள்.”

மகளில் எனக்குக் கோபம் இல்லை. தோண்டியது அவள் கை, சரித்தது அவள் தோள், அந்தக் காற்றில் பயப்படாமல் நின்றது அவள் நெஞ்சு. அதில் ஒரு துளிகூட எனக்கு வேண்டாம். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் சொல்லித் திரிகிறேன், ஜான்-டலோன் சந்தையில் தக்காளி விற்கிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் புதைத்துப் பார்ப்போம் என்று நினைத்தது யார்? வழக்கில் தோற்றாலும் பரவாயில்லை, உண்மை தெரியட்டும் என்று இரண்டு மெசினையும் இழுத்துக்கொண்டு போனது யார்? பெற்ற பிள்ளை முக்க, கை கொடுக்காமல் நின்றது யார்?

அவளுடைய மெசினின் பக்கத் தகட்டில், தனக்கு உதவி செய்தவர்கள் எல்லாருடைய பெயரையும் ஒட்டி வைத்திருக்கிறாள். மெசின் விற்றவர், உடுப்புக் கொடுத்தவர், பிஸ்டன் மாற்றுகிறவர்கூட இருக்கிறார். படம் அனுப்பினாள், பெரிதாக்கிப் பார்த்தேன். சீற்றுக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. பிள்ளை, இது உன் காதுக்கு வரும் என்று தெரியும், அம்மா வாசித்துக் காட்டுவாள். அந்த இடத்தில் எழுது. தமிழில் எழுது, பனி மறைக்காத அளவு பெரிய எழுத்தில்: புதைத்துப் பார்க்கச் சொன்னது அப்பா.