லென்ஸுக்குள் கேமரா

இங்கே லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டு மார்கரெட், போன் கேமராவின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டி வைத்திருக்கிறாள். யாரோ அது வழியாக அவளைப் பார்க்கிறார்களாம். அவள் வீட்டுக்கு ஆள் வந்தே நான் பார்த்ததில்லை. அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவேன். அதில் மகிழ்ந்து எனக்கு வீடியோக்களாக அனுப்புவாள்.

போன மாதம் இலங்கையில், தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சி பாக்கியம், கண்புரை ஆப்பரேஷனுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். கண் மங்கி, லயத்து வரிசை வீட்டுப் படியில் இரண்டு தரம் விழுந்தவள். பதுளை ஆஸ்பத்திரியில் நாளும் கொடுத்துவிட்டார்கள்.

"உள்ள வைக்கிற லென்ஸுல கேமரா இருக்காம் அக்கா. நா பாக்குறதெல்லாம் எவனோ பாப்பானாம்."

"நீ என்னாத்தடி பாக்குற? அடுப்பையும் கோழியையும் தானே."

"குளிக்கையில?"

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இன்டர்நெட்டில் எது நிஜம், எது புளுகு என்று பிரிக்கத் தெரியாது. ஆனால் லயத்தில் ஒரு கதை கிளம்பினால் அம்மா என்ன செய்வாள் என்று தெரியும். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, காம்பரா காம்பராவாக, ஓர் அறை விடாமல் போய், "ஒனக்கு யாரு சொன்னது?" என்று கேட்பாள். பத்துக் கதவு தட்டுவதற்குள் கதையைப் பெற்றவள் அகப்படுவாள். நானும் போனிலேயே கதவு தட்டினேன். பாக்கியத்துக்குச் சொன்னது கடைக்காரர். அவரிடம் இங்கிலீஷ் வீடியோவைக் காட்டி அர்த்தம் கேட்டது அடுத்த காம்பரா பிலோமினா. பிலோமினாவுக்கு?

"நீங்க தானேக்கா அனுப்புனீங்க?"

ஆமாம், நான்தான். மார்கரெட் அனுப்பியதில் ஒரு கண்ணும் வெள்ளைக் கோட்டும் தெரிந்தன. நல்ல கண் வைத்தியமாக்கும் என்று ஊருக்கே அனுப்பியிருக்கிறேன். பாக்கி ஒரு கதவுதான். மார்கரெட்டிடம், "ஹூ டெல் யூ?" என்றேன். "எவ்ரிபடி" என்றாள். எல்லாரும் என்று ஒருத்தர் எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவிலும் இருந்ததில்லை.

பாக்கியத்திடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"இங்கிலீசே தெரியாத நீ கெளப்புன கதைக்கா நா குருடா கெடக்கப் பாத்தேன்? வெக்கமா இருக்கு. போறேன் அக்கா."

நேற்று கட்டு அவிழ்த்த கண்ணோடு வீடியோவில் வந்தாள். வெகுநேரம் உற்றுப் பார்த்து, "நல்லா கெழவியாகிட்ட" என்றாள். பிறகு, "பின்னால வெள்ளையா என்னா அது? பனியா? காட்டு." நான், "நீ மொதல்ல மலையக் காட்டு" என்றேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போனைத் திருப்பிவிட்டோம். பெரிய சதுரத்தில் தேயிலை மலை, மூலையில் சின்னச் சதுரத்தில் லண்டன் பனி. எங்கள் இருவர் முகமும் அதில் இல்லை. சிரிப்பு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.