கம்பி மலையின் கடைசி ஏற்றம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படிவம் மூன்றோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வகுப்பாசிரியருக்கு எழுதிய கடிதங்களும்தான். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்காகப் பழைய மாணவர்கள் ஒரு புத்தகம் போடுகிறார்கள், ஆளுக்கொரு நினைவு எழுத வேண்டும் என்று சொன்னபோது, எழுத ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பரிசு வாங்கியதையும் நாடகத்தில் நடித்ததையும் எழுதுவார்கள். நான் நடிக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. படித்தவர்கள் எழுதும் புத்தகத்தில் இடத்தை அடைத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

எழுத வைத்தது என் மகள். கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். போன மாதம் தன்னோடு வேலை செய்கிற ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கம்பி மலை ஏறினாள். காலில் பூட்ஸ், கையில் குச்சி, முன்னால் வழிகாட்டி. இறங்கி வந்ததும் கைப்பேசியில் படம் காட்டினாள். உச்சியில் நட்டிருக்கும் இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் படத்தை விரலால் பெரிதாக்கி, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன்.

"என்னம்மா தேடுறீங்க? அது மேகந்தான்மா," என்றாள். பிறகு, "நீங்க ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஏறியிருக்கேன்," என்றேன். அது முழு உண்மை இல்லை. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பிரிஞ்சாங் டவுனிலிருந்து மேலே போகும் ரோட்டில் எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குப் பின்னால் தேயிலை தொடங்கி மேலே மேலே போகும். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டுக்குள்தான் கம்பி மலை. அரசாங்க வரைபடத்தில் அதற்கு வேறு பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் அளந்தவர்கள் உச்சியில் ஓர் இரும்புக் கம்பியை நட்டுவிட்டுப் போனதால் எங்களுக்குக் கம்பி மலை. தோட்டத்துப் பையன்கள் பதினாலு, பதினைந்து வயதில் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டு வருவார்கள். தொட்டவன், தொடாதவன் என்று ஒரு கணக்கு இருந்தது. தொடாதவனைப் பந்து விளையாடும்போது கோல் காக்க வைப்பார்கள்.

பக்கத்து வீட்டில் அஞ்சலை இருந்தாள். என் வகுப்புதான். லயத்து வீட்டில் நடுச்சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். படுத்துக்கொண்டே நாங்கள் இருவரும் சுவருக்கு மேலே பேசிக்கொள்வோம். அவள் அம்மா ஒரு வருடத்துக்கு முன்னால் மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அப்படித்தான் சொன்னார்கள். லயத்துப் பெண்கள் அதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துச் சொல்வார்கள். ஈப்போ அந்தத் திசையில்தான் இருக்கிறது போலும் என்று நானும் அங்கே பார்ப்பேன்.

ஆறாம் வகுப்பு முடிந்து ஆண்டுக் கடைசி விடுமுறை. அஞ்சலையின் அப்பா தெற்கே ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டார். திங்கட்கிழமை லோரி வரும் என்றார்கள். அதற்கு முன்னால் வந்த சனிக்கிழமை ராத்திரி சுவருக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"ஒங்க அண்ணன் நாளைக்குக் கம்பி தொடப் போறாராம்ல. நானும் வரேன்னு சொல்லு."

"எதுக்கு?"

"மேலேர்ந்து பாத்தா ஈப்போ தெரியுமாம். ஜொகூருக்குப் போயிட்டா அதுவும் தெரியாது."

அண்ணனுக்கு எங்களைக் கூட்டிப்போக இஷ்டமில்லை. அவனோடு வருவதாக இருந்தவன் லோரி டிரைவர் மகன் கணேசன். "பொம்பளப் புள்ளைங்கள தூக்கிட்டு வரணும்லா," என்று கணேசன் முகத்தைச் சுளித்தான். நான் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். உடனே வழி பிறந்தது.

எனக்கு ஈப்போ பார்க்க ஆசையில்லை. அஞ்சலை போகிறாள், அதனால் நானும் போக வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் இருந்தது. டவுன் பள்ளியில், படிவம் ஒன்றுக்கு முன்னால் மலாய் படிக்கும் ரிமூவ் வகுப்புக்காக அப்பா எனக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கியிருந்தார். ஜனவரி வரை போடக்கூடாது. பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைப்பேன். மலை ஏறச் சப்பாத்து வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அதை மாட்டிக்கொண்டேன். அஞ்சலை எப்போதும் போடும் ரப்பர் செருப்பில் வந்தாள். ஒரு போத்தலில் தேத்தண்ணியும், தாளில் சுற்றிய ரொட்டியும் அவள்தான் கொண்டுவந்தாள்.

தேயிலைக்குள் ஏறும்வரை நான்தான் முன்னால். அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய சரிவு அது. கால் வழுக்கினால் தேயிலைச் செடியைப் பிடித்தால் போதும். எவ்வளவு சின்னச் செடியானாலும் வேர் பிடியை விடாது, ஆளைத் தாங்கும். திரும்பிப் பார்த்து, "இதுதானா மலை?" என்று கணேசனைக் கேட்டேன்.

"இது மலையில்ல, ஒங்கம்மா வேல செய்யிற எடம்," என்றான் அவன்.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் போய்விட்டது. மரமெல்லாம் குட்டை, மேலெல்லாம் பாசி. தரை என்று ஒன்று இல்லை. வேர், அதற்கிடையில் கறுப்புச் சேறு. முதல் சேற்றைப் பார்த்ததுமே நான் சப்பாத்தைக் கழற்றிக் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சப்பாத்துக்குக் காலா, காலுக்குச் சப்பாத்தா?"

வெறுங்காலோடு ஏறினேன். சேறு பனிக்கட்டி மாதிரி இருந்தது. விரலிடுக்கில் அட்டை ஏறியது கூடத் தெரியவில்லை. அஞ்சலைதான் பார்த்துப் பிய்த்துப் போட்டாள். சில இடங்களில் வேரைப் பிடித்துக் கையாலும் காலாலும் ஏற வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்வளவு?" என்று நான் கேட்கக் கேட்க, கணேசன் "இன்னும் இவ்வளவுதான்" என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் விரல் அதே அகலத்தில்தான் இருந்தது.

அஞ்சலை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஏறி, திரும்பிக் கையை நீட்டி என்னை இழுத்துவிட்டு, மறுபடி ஏறினாள். மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் மரங்களுக்கு நடுவே வானம் தெரிய ஆரம்பித்தது. அங்கே ஒரு செங்குத்தான ஏற்றம். அதற்கு மேலே கம்பி. அண்ணன் பாதி ஏறி நின்று, "தெரியிது, கம்பி தெரியிது!" என்றான். நான் காலை வைத்தேன், வழுக்கியது. பழக்கத்தில் பக்கத்திலிருந்த மரத்தை எட்டிப் பிடித்தேன். அது தேயிலை இல்லை. பாசிக்குள்ளே உளுத்துப்போன மரம். கையோடு வந்துவிட்டது. உருண்டு கீழே போய், ஒரு பிரம்புப் புதரில் இடதுகால் பாதம் பதிய நின்றேன்.

முள் இரண்டு. ஒன்று ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நான் அழுத அழுகையில் அஞ்சலை ஓடி வந்து பக்கத்தில் குந்தினாள், அண்ணனும் இறங்கி வந்து பார்த்தான். ரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்கும் பயம். ஆனால் கம்பி அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"நீ இங்கயே உக்காரு. தொட்டுட்டு ஒடனே வந்துர்றோம். அஞ்சல, நீ வரியா?"

அஞ்சலை எழுந்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன விட்டுட்டுப் போவாத. தனியா இருக்க மாட்டேன்."

"பத்து நிமிசந்தான். பாத்துட்டு வந்துர்றேன்," என்றாள்.

"போவாத."

அவள் மேலே பார்த்தாள். கணேசன் அதற்குள் உச்சிக்குப் பக்கத்தில் போய்விட்டான். அவன் காலடியிலிருந்து மண் உதிர்ந்து எங்கள் மேல் விழுந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். நான் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். "நீங்க போங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, என் பாதத்தை மடியில் வைத்து முள்ளை எடுத்தாள். நிதானமாக எடுத்தாள். அவள் அழுதாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் என் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியில் காயத்தைக் கழுவி, தன் இடதுகால் செருப்பைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள்.

"சப்பாத்து போடலாம்ல," என்றாள்.

"ரத்தம் பட்டுரும்."

"ஆமா, பட்டுரும்," என்று ஒப்புக்கொண்டாள்.

மேலே இருவரும் கூவுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார்கள். கணேசன் கையெல்லாம் துரு. அதை முகத்துக்கு நேரே காட்டி, "யாருலா பயந்தாங்கொள்ளி? யாரு மேல வரமாட்டேன்னது?" என்று கேட்டான்.

நான் சொன்னேன், "அஞ்சலைக்குப் பயமா போச்சு. நான் அவளுக்குத் தொணையா உக்காந்திருந்தேன்."

ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. யோசித்துச் சொன்னதில்லை. உளுத்த மரம் கையோடு வந்த மாதிரி வாயோடு வந்துவிட்டது. அண்ணனுக்கு அது பொய் என்று தெரியும். அவன் அஞ்சலையைப் பார்த்தான். அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு கணேசனிடம், "ஆமா. எனக்குத்தான் பயமா போச்சு," என்றாள்.

அதற்கப்புறம் இறங்கும் வழி முழுவதும் கணேசன் அவளை விடவில்லை. வேர் ஒன்றைத் தாண்டும்போதெல்லாம் "பாத்து, பாத்து, அஞ்சலைக்குப் பயம்" என்றான். நானும் ஒரு முறை சிரித்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பாதி வழியில் அவள் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஈப்போ தெரிஞ்சிச்சா அண்ணே?"

"தெரிஞ்சிச்சு. மேகம் கொஞ்ச நேரம் வெலகிச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா, சின்னச் சின்னதா. வீடெல்லாம் தெரியல. ரோடு மாதிரி ஒன்னு தெரிஞ்சிச்சு."

"எந்தப் பக்கம்?"

அண்ணன் மரங்களுக்கு நடுவே கை காட்டினான். அங்கே பாசியும் இலையும்தான். அவள் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக அந்தப் பக்கம் பார்த்து நின்றாள். "மழை வருது, நடங்க," என்று அண்ணன் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

தேயிலைக்குள் வந்ததும் பையன்கள் ஓடிவிட்டார்கள். நாங்கள் இருவரும் நொண்டிக்கொண்டே வந்தோம். அவளும் ஒரு செருப்பு, நானும் ஒரு செருப்பு. கழுத்தில் சப்பாத்து புதுசாகவே ஆடிக்கொண்டிருந்தது. லயம் கண்ணில் பட்டபோது நான் கேட்டேன், "ஏன் அப்படி சொன்ன?"

"நான்தான் நாளைக்குப் போறேன்ல," என்றாள். "இங்க இருக்கப் போறது நீதான. ஒன்னயத்தான் கேலி பண்ணிக்கிட்டே இருப்பாங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. போகிறவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னோடு உட்கார்ந்ததற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: அவளுக்கும் கால் வலித்திருக்கும், ஈப்போ அப்படியொன்றும் முக்கியமாக இருந்திருக்காது. மலை எங்கேயும் போய்விடாது, இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட அவளிடம் சொன்னேன். சரி என்றாள்.

அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவள் அம்மா ஈப்போவில்தான் இருந்தாரா, இல்லை, பிள்ளையின் மனம் ஆறட்டும் என்று அப்படிச் சொல்லி வைத்தார்களா என்று பல வருடம் கழித்து என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா வேறு எங்கோ பார்த்தார். நான் இந்த முறை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அம்மா அங்கே இல்லை என்பது ஒருவேளை அஞ்சலைக்கும் அப்போதே தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று அவ்வளவு தூரம் ஏறியிருக்கலாம். பத்து நிமிடம் என்றுதான் கேட்டாள். அவள் பாவாடையை நான் விட்டிருந்தால் போதும்.

மலை ஏறிய மறுநாள் காலை ஏழு மணிக்கு லோரி வந்தது. நான் காய்ச்சல் என்று சொல்லிப் போர்வைக்குள் படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை. அவளுடைய இடதுகால் செருப்பை அம்மா கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.