லெந்து நாளில் மீன் தின்ற மைனி

சூரைமீனின் நடுத்துண்டம் ஒன்றை மைனி சட்டியிலிருந்து கோரித் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் அவித்த முட்டை இரண்டு, ஒரு குத்து சிறுபயறு. சோறு என்று பார்த்தால் கோழிக்கு வைப்பதுபோல் கொஞ்சம். அது லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் வாரம். ஈஸ்டர் வரும்வரை மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கவிழ்த்த சட்டியை நிமிர்த்தி, அதில் குழம்பும் வைத்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து தின்ற அவளை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மைனி என்றால் என் அண்ணனின் மனைவி; நான் அவனுக்குத் தங்கை. கல்ஃபில் கட்டட வேலை பார்த்த அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஊருக்கு வந்தான். வந்த புதிதில் சபை வாலிபர்கள் நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். நல்ல மனதோடுதான் தூக்கினார்கள், குறை சொல்லவில்லை. திரும்பி வந்து கட்டிலில் கிடத்தியதும் அண்ணன் சொன்னான்: "நாலு பேரு தூக்கி என்னய வெளிய எடுக்கது ஒரு நாளைக்கு மட்டும் போதும். அதுவரைக்கும் நான் இங்கயே கெடக்கேன்." அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் அவன் வாசலைத் தாண்டவில்லை.

மைனி தூக்கிப் பார்க்காமல் இல்லை. முடியவில்லை. அவன் ஆறடி ஆள், இவளோ காற்றடித்தால் சாய்கிற உடம்பு. உடம்பு எங்கிருந்து வரும்? எங்கள் பக்கத்து வீடுகளில் மீன் வாங்காத நாள் அபூர்வம். ஆனால் துண்டம் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். பெண்கள் தின்பது மரச்சீனிக் கிழங்கும் சட்டியில் மிஞ்சிய சாறும். அதையும் கடைசியில், நின்றுகொண்டே. இப்படித்தான் தின்ன வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே நடக்கும், அதுதான் எனக்கு எரிச்சல்.

அண்ணன் பக்கம் நடந்தது நேர்மாறு. கிடக்கிற பிள்ளைக்கு உடம்பு தேற வேண்டும் என்று அம்மா ஊட்டிக்கொண்டே இருந்தாள். பார்க்க வருகிறவர்கள் ஏத்தன்வாழைக் குலையும் முந்திரிக்கொத்தும் இல்லாமல் வரமாட்டார்கள். துபாயிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பெரிய டப்பா புரோட்டீன் பவுடர் கொடுத்தனுப்பினான். அம்மா அதையும் ஏத்தன்பழம், சீனி, ஆடைப்பால் எல்லாம் சேர்த்து அடித்து, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல் கொடுத்தாள். அசையாத உடம்பு என்ன செய்யும்? ஊதியது. ஏற்கெனவே தூக்க முடியாதவன் இன்னும் கனத்துப்போனான்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் மைனி ஒரு நாள் போய் நேராகவே கேட்டாள். நானும் கூட இருந்தேன். "டாக்டரே, வீட்டுல கெடக்க எனக்க மாப்பிளைய நான் ஒத்தைக்குத் தூக்கணும். அதுக்கு என்ன செய்யணும்?" அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவர் மெலிய வேண்டும், நீங்கள் பலக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் நடக்கும் என்றாள். முதுகால் தூக்காமல் தொடையால் தூக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பயறோ கடலையோ இருக்கட்டும், கிழங்கும் சோறும் குறையட்டும், தின்றால் மட்டும் போதாது, எடை தூக்கிப் பழகினால்தான் தின்றது தசையில் சேரும் என்றாள்.

மறுநாளே அடுப்படி ஆட்சி மாறியது. அண்ணனுக்குச் சீனி நின்றது, ஏத்தன்பழம் பாதியானது, பயறும் சாளைமீனும் வந்தன. "கொல்லப் பாக்கியா?" என்று முனகினான். "கொல்லணும்னா நான் சும்மா இருந்தாப் போதுமே" என்றாள் மைனி. குழித்துறையில் ஒரு மாடியில் இருந்த ஜிம்முக்கு, பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், ஷாலை இடுப்பில் முடிந்துகொண்டு போனாள். புருஷன் படுக்கையில் கிடக்கிறான், இவளுக்கு மினுக்கம் கேட்கிறது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசியவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாள் வந்து அவனைப் புரட்டிப் படுக்க வைத்ததில்லை.

இதற்கிடையில்தான் லெந்து வந்தது. அந்த வருஷம் வழக்கத்தோடு, மகன் எழும்ப வேண்டும் என்று கர்த்தரிடம் நேர்ந்து, அம்மா வீட்டுக்கே சேர்த்துப் பொருத்தனையும் பண்ணினாள். மீன், இறைச்சி, முட்டை எதுவும் அடுப்பேறக் கூடாது. அந்த வாரமே மைனி மீன்சட்டியை நிமிர்த்திவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்க மாப்பிளைக்கு வேண்டியாக்கும் இந்தப் பொருத்தனை. ஒனக்கு நாக்கு அடங்காதா?" என்று அம்மா அழுதாள்.

மைனி தட்டிலிருந்து தலையெடுக்காமலே சொன்னாள்: "நீங்க ஜெபம் பண்ணுங்க மாமி, நான் வேண்டாம்னு சொல்லேல்ல. ஆனா அவரு எழும்பணும்னா யாராவது தூக்கணும்லா? இது நாக்குக்கு இல்ல, கைக்காக்கும்."

அம்மா அவளோடு பேச்சை நிறுத்தினாள். நான் ஜெபத்துக்கு எதிரி இல்லை. பிடித்ததை விடுவதுதான் நோன்பு என்றால், கிழங்கென்றால் உயிரை விடுகிற மைனி அதைத் தொடவே இல்லை. வெறும் முட்டையைக் குமட்டக் குமட்ட விழுங்கினாள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்று நானும் நாற்பதைத் தாண்டி எடை தூக்குகிறேன், என் வீட்டில் துண்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும்.

ஈஸ்டர் காலையில் மைனி கட்டிலருகே குனிந்தாள். அண்ணனின் கைகளைத் தன் கழுத்தில் கோத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து எழும்பினாள். அவனும் கூடவே எழும்பினான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, அங்கிருந்து ஆட்டோ, ஆலய வாசலில் மறுபடி நாற்காலி. உதவ ஓடிவந்தவர்களை அண்ணன் கையமர்த்தினான்.

ஆராதனை முடிவில் சாட்சி சொல்லும் நேரம். அம்மா எழுந்து, தங்கள் பொருத்தனைக்கு இரங்கிக் கர்த்தர் தன் மகனைத் தூக்கிவிட்டார் என்று கண்ணீரோடு சொன்னாள். சபை முழுக்க அல்லேலூயா என்றது. மைனி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நாற்காலியிலிருந்து அண்ணனின் குரல் ஆலயத்தின் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"அம்மா, தூக்கினது இவளாக்கும்."