காகிதக்காரி கேட்ட கேள்வி

காகிதமும் கையுமாக எங்கள் சந்துக்கு வந்தவர்கள் யாரும் நல்லதுக்கு வந்ததில்லை. தாராவியில் அப்போது அப்படித்தான். ஒருவன் வந்து கதவுகளில் சாக்குக்கட்டியால் நம்பர் போட்டான். நம்பர் போட்ட வீடுகளைத்தான் மறுமாதம் இடித்தார்கள். இன்னொருவன் ரேஷன் கார்டைக் காட்டச் சொன்னான். ஊருக்குப் போயிருந்த தாத்தாவின் பெயரை அடித்துவிட்டுப் போனான். சாராயம் தேடி வந்த போலீஸ்காரன்கூட ஒரு காகிதம் வைத்திருந்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

ஆகவே அந்தப் பொம்பளை துணிப்பையில் கட்டுக் காகிதத்தோடு வந்தபோது சந்தில் பாதிக் கதவு சாத்திக்கொண்டது. வருஷம் அறுபத்துநாலோ அஞ்சோ. எனக்குப் பத்து வயது.

மராட்டிக்காரி. வெள்ளைச் சேலை, கண்ணாடி, கையில் பென்சில். காலேஜிலிருந்து வருகிறேன் என்றாள். கூட மாட்டுங்காவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணைப் பேச்சுக்கு அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்துக்குக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கைக்குட்டைக்குள் பேசிய தமிழ் எங்கள் அம்மாவுக்கு விளங்கவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. மராட்டிக்காரி மட்டும் வந்தாள்.

அவள் ரேஷனைக் கேட்கவில்லை. வீட்டைக் கேட்கவில்லை. கல்யாணத்தைக் கேட்டாள். எந்த வயதில் கட்டினார்கள், யார் பேசி முடித்தது, புருஷன் அடிப்பானா, யாராவது உறவைத் தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்களா.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டு அத்தை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணத்தப் பத்திக் கேக்கதுக்குச் சர்க்கார் சம்பளம் குடுக்குமாக்கும்? யாருகிட்டக் கத விடுதா? இது ஆண்டாப் ஹில்காரன் வேல, மதினி."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் என் சித்தி. அவளுக்கு ஆண்டாப் ஹில்லில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம்.

சித்தி அம்மாவின் தங்கை. ஊரில் கட்டிக்கொடுத்த இடத்தில் தீர்ந்துபோய் எங்களிடம் வந்து இரண்டு வருஷம். எங்கள் ஆட்கள் இதற்குக் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஊர்க்கூட்டத்தில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் முடிந்தது. அதன்பிறகு பெண் வேறு இடத்தில் கட்டிக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் துரும்பைக் கிள்ளியது யார் என்று கேட்பார்கள். புருஷன் கிள்ளினால் அவள் பாவம். அவளே கிள்ளினால், இவள் எந்தப் புருஷனோடும் நிற்கமாட்டாள் என்பார்கள்.

சித்தியின் புருஷன் துரும்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தானாம். சித்தி எட்டி வாங்கி, தானே இரண்டாகக் கிள்ளிப் போட்டுவிட்டாளாம். கூட்டமே வாயில் கை வைத்ததாம்.

ஆண்டாப் ஹில் மாப்பிள்ளை வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை. பழைய புருஷன்தான் அவளை விட்டான் என்று சொல்லியிருந்தோம். மாப்பிள்ளைக்குப் பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகள். அவனுடைய அக்காள் வந்து சித்தியைப் பார்த்தாள், டீ குடித்தாள், விசாரித்துச் சொல்கிறோம் என்று எழுந்தாள். பத்தாம் நாள் இந்தக் காகிதக்காரி.

ஊரில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வளையல்காரியை அனுப்புவார்கள். தண்ணீர் கேட்கிற மாதிரி ஒருத்தி வருவாள். பம்பாயில் காலேஜ் பொம்பளையை அனுப்புகிறார்கள். இதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்தது.

அம்மாவுக்குச் சித்தியைக் கட்டிக்கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. ஒரே அறை, ஆறு பேர். வயசுக் கொழுந்தியாளை வீட்டில் வைத்திருக்கிறான் என்று அப்பாவைப் பற்றிக் குழாயடியில் பேச்சு வந்திருந்தது. அம்மா தன் பாயை அப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில் இழுத்துப் போட ஆரம்பித்திருந்தாள். வாசல் காற்றுக்காக என்று நான் நினைத்தேன்.

ஹிந்தியில் மாற்றிச் சொல்ல நான்தான் என்று முடிவாயிற்று. எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. ஹிந்தி குழாயடியில் படித்தது. அங்கே படித்தது மறக்காது.

"ஏட்டி, நாஞ் சொல்லித் தந்ததத்தான் சொல்லணும். கூடக் கொறைய ஒரு வார்த்த வந்துச்சு, தோல உரிச்சு ஷாப்புல போட்டுருவேன்" என்றாள் அம்மா.

சந்து முழுவதும் ஒரு கட்டாக நின்றது. காகிதக்காரி வீடு வீடாகக் கேட்டாள், நான் கூடவே போய்ச் சொன்னேன். எங்கள் சந்தில் அடி வாங்காத பெண்டாட்டி கிடையாது. காகிதத்தில் ஒருத்திகூட அடி வாங்கவில்லை. எதிர்வீட்டு அத்தையின் புருஷன் ஓடிப்போய் மூன்று வருஷம். நைட் டூட்டி என்றாள் அத்தை. காகிதக்காரி எழுதிக்கொண்டாள்.

கடைசியாக எங்கள் வீடு. சித்தி வாசலோரம் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். கடைக்குப் போடுகிற முறுக்கு. அம்மா பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தீர்ந்தது எப்படி என்று கேட்டபோது அம்மாவே பதில் சொன்னாள். அவன்தான் விட்டான். நான் ஹிந்தியில் சொன்னேன். சித்தி அடுத்த முறுக்கைப் பிழிந்தாள்.

அப்போது சந்துக் கோடியில் சத்தம் கேட்டது. "தண்ணி வந்துட்டு!"

மத்தியானம் வருகிற தண்ணீர் முக்கால் மணி நேரம்தான். அம்மா குடத்தை எடுத்தாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். சந்தே காலி. எண்ணெய்ச் சட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்.

காகிதக்காரி ஒரு தாளைத் திருப்பினாள். தண்ணீர் நேரம் தெரிந்துதான் இந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் கேட்டாலும் சித்தியைப் பார்த்துத்தான் கேட்டாள். அடுத்த கல்யாணத்துக்கு இவளிடம் சம்மதம் கேட்டார்களா? இவளுக்கு இஷ்டம்தானா?

"ஒங்கிட்டச் சம்மதம் கேட்டாகளான்னு கேக்கா. ஒனக்கு இஷ்டமான்னு."

சித்தியின் கை நின்றது. உரலிலிருந்து பாதி முறுக்குத் தொங்கியது.

"யாரும் கேக்கலன்னு சொல்லு" என்றாள் மெதுவாக. "எனக்கு வேண்டாம்னு சொல்லு. நாஞ் சம்பாதிச்சு நாஞ் சாப்புடுதேன். ஒத்தைல இருக்கது எனக்குப் பாரமில்லன்னு சொல்லு."

சித்தி கண்ணியில் காலை வைத்துவிட்டாள். இது நேரே ஆண்டாப் ஹில் போகும். கல்யாணம் நிற்கும், அம்மா அழுவாள். அம்மா வருவதற்குள் நான்தான் காப்பாற்ற வேண்டும்.

"ஹாங்" என்றேன். கேட்டார்கள், அவளுக்குச் சந்தோஷம் என்று ஹிந்தியில் சொன்னேன்.

காகிதக்காரி எழுதவில்லை. இவ்வளவு நேரம் பேசினாளே, பதில் இவ்வளவுதானா என்றாள்.

எங்கள் பாஷை நீளம் என்றேன்.

அவள் சித்தியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

சித்திக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் ஆமாம் என்பதற்கு ஹாங், இல்லை என்பதற்கு நஹி, இரண்டும் தெரியும். பம்பாய்க்கு வந்த மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற வார்த்தைகள். அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. பாதியில் நின்ற முறுக்கைச் சுற்றி முடித்து எண்ணெயில் போட்டாள்.

அன்று அம்மா எனக்கு ஒரு முட்டை அவித்து வைத்தாள். தம்பிகளுக்குக் கிடையாது.

தையில் கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனாலும் ஒரு மராட்டிக்காரிய விட்டா விசாரிப்பீக?" என்று மாப்பிள்ளையின் அக்காளைச் சீண்டினாள்.

அவள் வெற்றிலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "கண்ணாடி போட்டவளா? எங்க பக்கமும்லா வந்தா! நீங்க விட்ட ஆளுன்னு நெனச்சு நாங்களும் நல்லதாத்தான் சொல்லி வச்சோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். நல்லதாகச் சொல்லி வைத்தோம் என்றால் எதை என்று யோசித்திருப்பாள். கேட்கவில்லை. கேட்டால் அவளும் கேட்பாள்.

சித்தப்பா மோசமானவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்றும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சித்தி அந்த வீட்டிலேயே இருந்தாள். இன்னொரு துரும்பு கிள்ளவில்லை.

கல்யாணம் ஆன வருஷமே சித்தி ஹிந்தி பேசிவிட்டாள். மீன்காரியிடம், பஸ் கண்டக்டரிடம், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும். தப்பும் தவறுமாக, சத்தமாகப் பேசினாள். ஒருநாள் முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா ஹிந்தியில் ஏதோ கேட்டார்கள். பழைய பழக்கத்தில் நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். சித்தி என் தோளைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினாள்.

"நீ இரி. நானே பேசிக்கிடுதேன்."

சித்திக்கு ஹிந்தி நன்றாக வந்துவிட்டது, இனி நான் தேவையில்லை என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.